டைரக்டர் மாரிசெல்வி

விடிந்தால் சாட்சி சொல்லப் போக வேண்டும் என்ற நிலையில் போன வாரம் மாரிசெல்வியை விட்டுவந்தோம். விடிந்துவிட்டது.

விஸ்வநத்தத்தில் அவர்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து நின்றும் போயிற்று. மாரிசெல்வி இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வந்தது அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை. தெருமுனையில், சம்மன் வந்த பிறகு தினமும் வந்து நிற்கிற அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது.

அவள் பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலைதான். ஆனால் டெல்லியில் இருக்கும் காகிதங்களின்படி அவள் 'திரிவேகா ஒயர்லெஸ்' என்ற கம்பெனியின் டைரக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த தம்பி பாண்டி, சென்னையில் தான் கார் ஓட்டும் முதலாளிக்கு நம்பிக்கையான ஆட்களின் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி, அவளை சிவகாசிக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். அவனும் ஒரு டைரக்டர். அக்காவும் தம்பியும் சேர்ந்ததுதான் அந்தக் கம்பெனி.

எதற்கு அந்தக் கையெழுத்து என்பது, கோர்ட்டிலிருந்து அமீனா சம்மன் கொண்டுவந்த அன்றுதான் தெரிந்தது. செல்போன் பேச்சு போகிற அலைக்கற்றையை அரசாங்கம் ஏலம் விடப்போகிறது. ஒரு வட்டாரத்தில் ஒரு முதலாளி ஒரே ஒரு கம்பெனி பெயரில்தான் ஏலம் கேட்கலாம் என்பது விதி. சென்னை முதலாளிக்கு ஏற்கெனவே ஒரு செல்போன் கம்பெனி உண்டு. இரண்டாவது வாசல் வழியாகவும் நுழைய அவருக்கு வேறு ஆட்களின் பெயர் தேவைப்பட்டது. இதை மோப்பம் பிடித்த எதிர்க் கம்பெனி, திரிவேகா வெறும் பினாமி, அதற்கு ஏலத்தில் நிற்கும் தகுதியே கிடையாது என்று டெல்லியில் வழக்குப் போட்டுவிட்டது. டைரக்டர்களை நேரில் பார்த்து வாக்குமூலம் வாங்கிவரச் சொல்லி ஒரு வக்கீலம்மாவை ஆணையராக அனுப்பியிருந்தது கோர்ட். மாரிசெல்வியின் முறை இன்றைக்கு, விருதுநகர் பயணியர் விடுதியில்.

டைரக்டர் என்றதும் முதலில் தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன படம் எடுக்கப்போகிறாய் என்று ஆலையில் கூடப் பின்னுகிற பெண்கள் கேட்டார்கள். தெருமுனையில் கார் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்கள்.

பாண்டியைக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் எங்கேயோ தங்கவைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். அவன் போனுக்கு இவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர்கள் நினைத்தபோது மட்டும் அவன் பேசுவான். மாரிசெல்வி உண்மையைச் சொன்னால், அக்காவை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவன் பாண்டி என்று வழக்கு அவன் தலையில் விடியும் என்று சொல்லியிருந்தார்கள். பொய் சொல்வதென்றால், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் ஜெயில் என்று அமீனா சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்குச் சோறு இறங்குவதே நின்றுபோயிருந்தது.

கார்க்காரர் ராக்கப்பன் வாசலில் வந்து நின்றார். சிவகாசியில் முன்பு காகித ஏஜென்சி நடத்தியவர். இப்போது சென்னை முதலாளிக்கு இந்தப் பக்கத்து வேலைகளைப் பார்க்கிறார். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் மாரிசெல்விக்கு அவரிடம் பிடிபடாத பயம்.

புருஷன் முனியராஜ் கைலியை மாற்றிக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டு நின்றான். வெடிமருந்து அறையில் கலவை போடுகிற வேலை அவனுக்கு. நீங்கள் வரவில்லையா என்று அவனிடம் கேட்டாள். பதில் ராக்கப்பனிடமிருந்து வந்தது. அவர் எதற்கு வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைய வேண்டும், தங்கச்சியை நானே கொண்டுபோய்க் கூட்டிவந்துவிடுகிறேன் என்றார்.

முனியராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சொல்லிக்குடுத்ததைச் சொல்லிட்டு வந்துரு செல்வி. பெரிய இடத்து விவகாரம். நம்மளால ஆகாது."

ஒரு வாரமாக அவன் சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதான். இருந்தாலும் இன்று காலையில் அவன் வேறு எதையாவது சொல்வான் என்று அவள் உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறாள். காரின் பின் கதவு மூடியபோது அது அவளுக்கே தெரிந்தது.

காரை ஓட்டியது அவள் பார்த்திராத ஆள். ராக்கப்பன் முன்னால் உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பி, பாடம் ஒப்பிக்கச் சொன்னார். கம்பெனி ஆரம்பித்தது யார். நானும் என் தம்பியும். முதலீடு எங்கிருந்து வந்தது. ஊரில் நிலம் விற்றது, சேர்த்துவைத்தது. சென்னை முதலாளியைத் தெரியுமா. தம்பி வேலை பார்க்கிற இடம், அதற்கு மேல் தெரியாது. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலையாட்டினார். நாக்கு ஒட்டிக்கொண்டு அவளுக்கு வார்த்தை நடுவில் நின்றபோது, வண்டியை நிறுத்தி ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

திருத்தங்கலில் வண்டி மெயின் ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பியது. மாரிசெல்விக்கு அந்தச் சந்து தெரியும். அவள் மகள் சினேகா படிக்கிற பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கிறது.

கார் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே நின்றது. ராக்கப்பன் எதுவும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பத்தாவதுல்ல? பரீட்சை நேரம். பிள்ளைக்கு மனசு கலங்குற மாதிரி எதுவும் நடந்துறக் கூடாது தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு போனை எடுத்து நம்பரைப் போட்டு அவளிடம் நீட்டினார். மறுபக்கம் பாண்டி.

நல்லா இருக்கிறாயா என்று அவள் கேட்டதற்கு அவன் இருக்கிறேன் என்றான். எங்கே இருக்கிறாய் என்றதும் பேச்சை மாற்றினான். ராக்கப்பன் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தபடி சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அவன் பேச்சு ஒரே சீராக இருந்தது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் பொய் பேசும்போதும் பயந்து பேசும்போதும் குரல் ஒரே மாதிரி இருக்கும், அதனால் இது எது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டியா என்று கேட்பதற்குள் ராக்கப்பன் போனை வாங்கிக்கொண்டார்.

ஆமத்தூர் தாண்டி விருதுநகர் வருகிற வரை அவள் வெளியே பார்க்கவில்லை. பிரேயர் முடிந்து போன பிள்ளைகளின் வரிசையில் சினேகா எங்கே நின்றாள் என்று மனசுக்குள் தேடிக்கொண்டே வந்தாள்.

பயணியர் விடுதியின் பெரிய அறையில் மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் ஆணையர். நரைத்த தலை, சாதாரணப் பருத்திச் சேலை. அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மொழிபெயர்த்துச் சொல்ல விருதுநகர் வக்கீல் ஹெப்சிபா என்ற பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். ஒரு பக்கம் திரிவேகாவின் டெல்லி வக்கீல். மறுபக்கம் எதிர்க் கம்பெனிக்காக மதுரையிலிருந்து வந்திருந்த சீனிவாசகம். ஓரத்தில் டைப் அடிக்கிறவர்.

ராக்கப்பனை உள்ளே விடவில்லை. அவர் கவலைப்படவும் இல்லை. வராந்தாவில் ஒரு நாற்காலியை இழுத்து, மாரிசெல்வி தலையைத் தூக்கினால் ஜன்னல் வழியாகத் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சத்தியப் பிரமாணம் செய்யச் சொன்னார்கள். ஹெப்சிபா சொல்லச் சொல்லத் திரும்பச் சொன்னாள். உண்மை என்ற சொல் வந்தபோது அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஆணையர் மறுபடி சொல்லச் சொன்னார்.

முதலில் சீனிவாசகம் கேட்டவை எல்லாம் காரில் ஒப்பித்த கேள்விகளாகவே வந்தன. கம்பெனி யாருடையது, முதலீடு எது, முதலாளியைத் தெரியுமா. பாடம் பிசகாமல் சொன்னாள். டைப் அடிக்கிறவர் அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பதிலும் காகிதத்தில் ஏற ஏற, ஜெயில் கதவு ஒவ்வொரு சாணாகச் சாத்திக்கொள்வதுபோல் அவளுக்கு இருந்தது. ஆனால் ஜன்னலில் ராக்கப்பன் மெல்லத் தலையாட்டினார்.

அலைக்கற்றை என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார் சீனிவாசகம். காற்றில் போகிற அலை என்றாள். அதுவும் சொல்லிக்கொடுத்ததுதான். அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"அதை ஏலத்துல எடுத்து நீங்க என்ன செய்யப்போறீங்க?"

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அறையில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். ராக்கப்பன் தலையாட்டவில்லை. கையில் இருந்த போனை மட்டும் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிசெல்வியின் முழங்கால் மேஜைக்கு அடியில் நடுங்கி, மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரும் நடுங்கியது.

ஆணையர் டம்ளரைப் பார்த்தார். அவள் கண் போகிற திசையைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். காவல்காரரைக் கூப்பிட்டு, வராந்தாவில் இருக்கிற ஆளை கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொன்னார். டெல்லி வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று டைப் அடிக்கிறவரிடம் சொல்லிவிட்டு, ஜன்னல் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

பிறகு மாரிசெல்வி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யாராவது மிரட்டினார்களா என்று ஹெப்சிபா வழியாகக் கேட்டார். அவள் சாத்திய ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். 

"என் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போடணும்மா," என்றாள். "பிள்ளை வகுப்புல இருக்கான்னு மட்டும் கேட்கணும்."

விடுதி ஆபீசில் டெலிபோன் டைரக்டரி இருந்தது. நம்பரை எடுத்து, ஹெப்சிபா தன் செல்போனில் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். பள்ளிக்கூடத்துக் காவல்காரர் எடுத்தார். பத்தாம் வகுப்பு சினேகா என்று சொன்னதும் அவருக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளையைக் காலையிலேயே ஒரு ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாரே என்றார்.

மாரிசெல்வி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.   ஹெப்சிபா போனில், யார் அந்த ஆள், எந்த வண்டியில் வந்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காவல்காரருக்குத் தெரியவில்லை, டீச்சரைக் கூப்பிடுகிறேன் என்று போனார். அவர் செருப்புச் சத்தம் தூரமாய்ப் போனது. திரும்பி ஒரு காலடி வருகிறவரை அறையில் யாரும் அசையவில்லை.

"நான் பாக்கியவதி டீச்சர் பேசுறேன். சினேகா அம்மாவா? பயப்படாதீங்க. பிள்ளையோட அப்பாதான் வந்து கூட்டிட்டுப் போனார். கையெல்லாம் மருந்துப் பொடியோட அப்படியே வந்து நின்னார்."

மாரிசெல்வி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்படியும் போன் பண்ணுவீங்கன்னு சொன்னார். பண்ணினா ஒண்ணு சொல்லச் சொன்னார். பிள்ளை என்கூட இருக்கா, செல்வி மனசுல இருக்கிறதைச் சொல்லட்டும்னு சொன்னார்."

ஹெப்சிபா அதை அப்படியே ஆணையருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். 

மாரிசெல்வி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.  பயத்தோடேயே பேச ஆரம்பித்தாள்.

"முன்ன சொன்னது எல்லாத்தையும் அடிச்சுருங்கம்மா. நான் சரம் பின்றவ. அந்தக் கம்பெனி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நிலம் வித்தோம்னு சொன்னதும் பொய்யி, எங்களுக்கு நிலமே கிடையாது. தம்பி போடச் சொன்னான், போட்டேன். என்ன ஏதுன்னு கேட்கல. அது என் தப்புதான்."

அதற்குப் பிறகு நிற்கவில்லை. தெருமுனையில் நின்ற காரைச் சொன்னாள். காரில் ஒப்பித்த பாடத்தைச் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியதையும், அங்கே ராக்கப்பன் சொன்னதையும், பாண்டி போனில் பேசியதையும் சொன்னாள். டெல்லி வக்கீல் நடுவில் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். வந்த பிறகு அவர் குறிப்பெடுக்கவே இல்லை.

ஆணையர் எதையும் மறைக்கவில்லை. நீ கையெழுத்துப் போட்டவள், இந்த வாக்குமூலம் உனக்கு எதிராகவும் திரும்பலாம், முதலில் சொன்ன பொய்யும் பதிவில் இருக்கும், அதை அடித்துவிட எனக்கு அதிகாரம் கிடையாது என்று ஹெப்சிபாவைச் சொல்லச் சொன்னார். ஆனால் எந்த நிலையில் நீ அதைச் சொன்னாய் என்பதை என் அறிக்கையில் எழுதுவேன் என்றார். அடித்த காகிதத்தை ஹெப்சிபா வரிவரியாகத் தமிழில் படித்துக்காட்டிய பிறகுதான் மாரிசெல்வி கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் சீனிவாசகம் வந்து கைகுவித்தார். இனிமேல் திரிவேகா ஏலத்தில் நிற்கவே முடியாது, எங்கள் கட்சிக்காரர் இதை மறக்கமாட்டார் என்றார். என் தம்பியை எப்படி மீட்பது என்று மாரிசெல்வி கேட்டாள். அவர் வாட்சைப் பார்த்தார். அது தனி விவகாரம், நமது வழக்கில் வராது என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். இவருக்கும் அந்தச் சென்னை முதலாளிக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆணையர்தான் ஹெப்சிபாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஒரு ஆளை அடைத்துவைத்திருப்பதாகச் சொல்வது சாதாரண விஷயமில்லை, இன்றைக்கே எஸ்.பி. ஆபீசில் புகார் எழுதிக் கொடுக்கச் செய் என்றார். தன் அறிக்கையிலும் அது வரும் என்றார். ஹெப்சிபா பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே ராக்கப்பனின் கார் இல்லை. எதிர்ப்பக்கம் சுவரோரமாக முனியராஜ் நின்றுகொண்டிருந்தான். யூனிபாரத்தோடு சினேகா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் அவள் அப்பா கையைப் பிடித்து நடப்பதில்லை.

மாரிசெல்வி மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தலையை, தோளை, பையை. பிறகு புருஷனைப் பார்த்தாள். அலுமினியப் பொடி காய்ந்து அவன் விரலெல்லாம் வெள்ளி பூசியதுபோல் இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"மருந்துல கை வச்சேன், நடுங்குச்சு," என்றான் அவன். "அங்கன உட்கார்ந்து கை நடுங்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். எந்திரிச்சு வந்துட்டேன். போர்மேன் கேட்டதுக்குக் கூடப் பதில் சொல்லல. நேரா பிள்ளைகிட்டதான் போகத் தோணுச்சு."

பிறகு, சொல்லிட்டியா என்று கேட்டான். சொல்லிவிட்டேன் என்றாள். அவன் நீளமாக மூச்சு விட்டான். இனி அவர்கள் என்ன செய்வார்கள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டாம், காரியாபட்டியில் தன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று மட்டும் முனியராஜ் சொன்னான். அவள் சரி என்றாள்.

ஹெப்சிபா ஒரு பெட்டிக்கடை பலகையில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். பெயர், ஊர், கணவர் பெயர். பாண்டியின் வயதைக் கேட்டாள். கடைசியாகப் பேசியது எப்போது என்று கேட்டாள். காலையில், காரில், என்று மாரிசெல்வி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சினேகா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மாமா."

மெயின் ரோட்டில் லாரி ஒன்றுக்குப் பின்னால் ராக்கப்பனின் கார் மெதுவாக வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் ராக்கப்பன் போன் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டியது காலையில் பார்த்த ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு கையை ஜன்னலில் வைத்து, பழகின வண்டியை ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தவன் பாண்டி.

சென்னையில் இருப்பதாகச் சொன்னவன் இங்கேதான் இருந்திருக்கிறான்; அவனை யாரும் கட்டிவைத்திருக்கவில்லை. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

மாரிசெல்வி தன்னை அறியாமல் கையைத் தூக்கினாள். அவன் அவளைப் பார்த்தான். அக்காவை, மச்சானை, யூனிபாரத்தில் நின்ற மருமகளை, மூன்று பேரையும் நன்றாகப் பார்த்தான். பிறகு முகத்தை நேரே திருப்பி, கியரை மாற்றி, லாரியைத் தாண்டி மதுரை ரோட்டில் ஏறிப் போய்விட்டான்.

முனியராஜ் ரோட்டில் இறங்கி இரண்டடி ஓடி நின்றான்.

ஹெப்சிபாவுக்கு எதுவும் தெரியாது. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய வரைக்கும் ஒரு தடவை படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"தம்பியை அடைச்சு வச்சிருக்காங்கன்னு எழுதிரலாம்லக்கா?"

மாரிசெல்வி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.